பாடற்பீடத்துப் பெருஞ்சுவடியும் பனையேடும்: கிறிஸ்தவ வழிபாட்டு இசையின் எழுத்து வடிவமும் திருகோணமலைக் கரையும்

ஐரோப்பியப் பேராலயங்களிலும் துறவி மடங்களிலும் 14ஆம் நூற்றாண்டு தொடக்கம் 16ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வழிபாட்டுப் பாடல்கள் மிகப் பெரிய தோற்சுவடிகளில் எழுதி வைக்கப்பட்டன. பூசையில் பாடப்படுபவற்றைக் கொண்ட நூலுக்குக் கிராதுவாலே என்றும், நாளின் வெவ்வேறு வேளைகளில் துறவிகள் கூடிப் பாடும் செபங்களுக்கான நூலுக்கு அந்திபோனாரியம் என்றும் பெயர். விரித்து வைத்தால் ஒரு சிறுமேசையை மூடிவிடும் அளவு. அரை மீற்றரைத் தாண்டிய உயரம், மரப்பலகை அட்டை, பித்தளைக் குமிழ்கள், தோல் வார்கள் எனச் சேர்ந்து ஒருவர் தனியே தூக்கமுடியாத பாரம். உள்ளே கறுப்புச் சதுரச் சுரங்கள், சிவப்புக் கோடுகள், திருநாட்களின் தொடக்கத்தில் பொன்னும் நீலமும் தீட்டிய முதலெழுத்து. மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று சுவர்களில் இல்லை. இந்த நூல்களுக்குள் மூடிக் கிடக்கிறது.

இவ்வளவு பெரிதாக அவற்றை எழுதியது ஆடம்பரத்துக்காக மட்டுமல்ல. பத்துப் பதினைந்து பேர் கொண்ட பாடகர் குழு முழுவதற்கும் நூல் ஒன்றுதான். அது கோயிலின் பாடகர் பகுதி நடுவில் உயர்ந்த சாய்பீடத்தில் விரித்து வைக்கப்படும். குழு அரைவட்டமாக நின்று, எண்ணெய் விளக்கு அல்லது மெழுகுதிரி வெளிச்சத்தில், மூன்று நான்கு மீற்றர் தூரத்திலிருந்து அதைப் பார்த்துப் பாட வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது ஆறு வரிகளுக்கு மேல் எழுத முடியாது. எழுத்தும் சுரமும் பருத்திருக்க வேண்டும். எந்தத் திருநாளுக்குரிய பாட்டு எங்கே தொடங்குகிறது என்பது பக்கம் புரட்டும் போதே கண்ணில் பட வேண்டும். பொன்பூசிய பேரெழுத்தின் முதல் வேலை அதுதான். அழகு அந்த வேலையோடு சேர்ந்தே பிறந்தது.

சுரத்தைக் கோட்டில் வைத்து எழுதும் முறை அதற்கும் முந்தையது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியத் துறவி அரெஸ்ஸோ குயிதோ, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிலையான சுரத்தை ஒதுக்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தினார். அதற்கு முன்னர் சொற்களின் மேலே இடப்பட்ட சிறு குறிகள் மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டுமே காட்டின. மெட்டை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அவை பயன்பட்டன. பத்தாண்டு பாடியும் முழுமையாகத் தேறாத பாடகரை ஓரிரு ஆண்டுகளில் தேற்றலாம் என்று குயிதோ உறுதி கூறினார். கேட்டறியாத பாட்டையும் பார்த்துப் பாட முடிந்தது இந்தக் கோடுகளால்தான். வழிபாட்டுப் பாடலுக்கு நான்கு கோடுகள் நிலைத்தன. பிற மேலைநாட்டு இசை பின்னர் ஐந்து கோடுகளை எடுத்துக்கொண்டது.

ஒரு பக்கம் உருவான விதத்தைக் கிட்ட நின்று பார்ப்பது தகும். கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிக் காயவைப்பார்கள். பெருஞ்சுவடிக்கு ஒரு தோலில் இரண்டு இலைகள் தேறும். 150 இலை கொண்ட ஒரு நூல் 75 விலங்குகளை விழுங்கியது. காய்ந்த தோலில் ஊசியால் துளையிட்டு வரிகளுக்கு அடையாளம் வைப்பார்கள். கோடுகள் சிவப்பு மையாலும், சொற்கள் மாசிக்காயும் இரும்புப் பச்சையும் சேர்ந்த கரிய மையாலும் வரும். சொல் எழுதியவர், சுரம் இட்டவர், ஓவியர் என்று வேலை பெரும்பாலும் பலர் கைமாறும். முதலெழுத்துக்கு இடம் வெறுமையாக விடப்படும். ஓவியர் அதில் சுண்ணச்சாந்தும் பசையும் கலந்து மேடாகப் பூசி, அது இளகும்படி மூச்சால் ஊதி, தட்டிய பொன்தாளை ஒட்டி, வழுவழுப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மினுக்குவார். பொன் முடிந்த பின்னரே வண்ணம். சிவப்பு பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். மிக விலையுயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்து எடுத்தது. ஆசிய வணிகப் பாதைகளினூடாக அது வெனிஸ் வந்து சேர்ந்தது.

எந்த எழுத்துக்குள் என்ன படம் என்பது பாட்டின் சொல்லைப் பொறுத்தது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு வழிபாட்டு ஆண்டு தொடங்குகிறது. அன்றைய வருகைப் பாட்டின் முதலெழுத்து ‘அ’ ஒலி தரும் இலத்தீன் எழுத்து. ஆன்மாவை இறைவனிடம் உயர்த்துவதாக அந்தப் பாட்டு சொல்வதால், தாவீது அரசர் ஒரு சிறு குழந்தை உருவத்தைக் கைகளில் ஏந்தி வானை நோக்கி உயர்த்துவதாக ஓவியர்கள் அதற்குள் வரைந்தனர். குழந்தை உருவம் ஆன்மா. கிராதுவாலேயின் முதற் பக்கம் ஆதலால் எழுத்தின் கொடிகள் நான்கு ஓரங்களிலும் படர, பணம் கொடுத்தவரின் குலச்சின்னமும் கீழே இடம்பெறுவதுண்டு. கிறிஸ்து பிறப்புப் பாட்டில் தொழுவமும், உயிர்ப்பு ஞாயிறின் பாட்டில் திறந்த கல்லறையும், தூய ஆவியின் திருநாளில் நெருப்பு நாவுகளும் வந்தன. வாசிக்கத் தெரியாத இளம் பாடகனுக்கும் அது எந்த நாள் என்று தெரியும்.

புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி மடத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன் சில்வெஸ்துரோ தெய் கெரார்துச்சி என்ற துறவியும், அவருக்குப் பின் லொரென்ஸோ மொனாக்கோவும் இவ்வகைச் சுவடிகளுக்கு ஓவியம் தந்தனர். அதே நகரின் சான் மார்க்கோ மடத்துக்கு கொசிமோ தெ மெடிச்சியின் செலவில் 1446 முதல் 1454 வரை முழுத் தொகுதி ஒன்று எழுதப்பட்டது. அதன் ஓவியங்களில் பெரும்பகுதி ஸனோபி ஸ்த்ரோஸியுடையது. அவர் பிரா ஆஞ்செலிகோவின் ஓவிய மரபில் வந்தவர். சியெனாப் பேராலயத்தின் தொகுதி இவற்றுக்கெல்லாம் மகுடம். 1460களின் இறுதியிலிருந்து 1470களின் நடுப்பகுதி வரை லிபெராலே தா வெரோனாவும் ஜிரோலாமோ தா கிரெமோனாவும் அதில் உழைத்தனர். வடகாற்றை ஒரு முழு மனித உருவமாக நிறுத்தி, வீங்கிய கன்னங்களோடு ஊத வைத்த லிபெராலேயின் படம் அந்த நூற்றாண்டின் எந்தப் பெரிய சுவரோவியத்தோடும் நிகர் நிற்கக்கூடியது. இந்நூல்கள் இன்றும் அதே பேராலயத்தின் பிக்கொலோமினி நூலகத்தில் விரித்து வைக்கப்பட்டுள்ளன. எழுதப்பட்ட இடத்திலேயே தங்கிய தொகுதிகள் மிகக் குறைவு என்பதால் இது பெரிய பேறு.

ஸ்பானியாவில் இரண்டாம் பிலிப் அரசர் எஸ்கொரியால் மடத்துக்காக 1570களிலும் 80களிலும் செய்வித்த தொகுதி அளவால் எல்லாவற்றையும் விஞ்சியது. இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள். உயரம் ஏறக்குறைய ஒரு மீற்றர். அவற்றைத் தாங்கச் சுழலும் பெரிய பீடம். அச்சு இயந்திரம் ஐரோப்பாவில் தோன்றி நூறாண்டு கழிந்த பின்னர் கைவேலையாகவே இது நடந்தது. அச்சில் சுரம் பதிக்கத் தெரியாமல் அல்ல: உல்ரிக் ஹான் 1476இல் உரோமையில் அச்சிட்ட பூசை நூலில் சுரங்கள் இருந்தன. ஆனால் பதினைந்து பேர் ஒன்றாகப் பார்க்கும் பக்கத்தை அன்றைய அச்சுப்பொறி எளிதில் தரவில்லை. ஒரு தேவாலயத்துக்கு வேண்டியது ஒரேயொரு பிரதி என்னும்போது அச்சின் மலிவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

திரெந்து பொதுச்சங்கத்தின் பின்னர் 1568இல் செபநூலும் 1570இல் பூசைநூலும் திருத்தப்பட்டன. பழைய சுவடிகளில் சொற்கள் சுரண்டப்பட்டன, மேலே தோல்துண்டுகள் ஒட்டப்பட்டன, திருநாட்கள் இடம் மாறின. 1614-15இல் வெளியான மெடிச்சி அச்சுக் கிராதுவாலே, நீண்ட சுரக் கோவைகளை வெட்டி மெட்டுகளையே சுருக்கியது. ஆயினும் இந்த நூல்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு நெப்போலியன் காலத்துக்குரியது. 1796க்குப் பின் இத்தாலிய மடங்கள் மூடப்பட்டு, நூல்கள் வணிகர் கைக்குப் போயின. அபாதே செலோத்தி என்ற வணிகர் படங்களை மட்டும் வெட்டியெடுத்து லண்டனுக்குக் கொண்டு சென்றார். 1825இல் கிறிஸ்ரி நிறுவனத்தில் அவை ஏலம் போயின. போப்பின் சிஸ்தைன் ஆலயத்துச் சுவடிகளின் துண்டுகளும் அதில் இருந்தன. கலை விமர்சகர் ஜோன் ரஸ்கினும் தம்மிடமிருந்த சுவடிகளைப் பிரித்து இலை இலையாகப் பரிசளித்தார். வெட்டிய எழுத்தின் முதுகில் வேறொரு பாட்டின் பாதி இருந்தது என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. படத்தைக் காப்பாற்றியதாக எண்ணிப் பாட்டை அழித்த அந்த நூற்றாண்டுப் பழக்கத்தை மன்னிப்பது கடினம். இன்று ஆய்வாளர்கள் அந்த முதுகுப்புறச் சுரங்களை வைத்தே எந்தத் துண்டு எந்த நூலின் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தச் சுவடிகளில் இருந்த இசை திருகோணமலைக்கு வந்த முதல் வேளை கொடிய வேளை. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு 1620களின் முற்பகுதியில் கோட்டை கட்டினார். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல், இப்போது பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் இன்றும் இருக்கிறது. அப்போது போர்த்துக்கலும் ஸ்பானிய முடியின்கீழ் இருந்தது. அரியணையில் இருந்தவர் எஸ்கொரியால் சுவடிகளைச் செய்வித்த இரண்டாம் பிலிப்பின் பேரன். அங்கே இருநூறு பெருஞ்சுவடிகள். இங்கே ஒரு சிறு காவற்படையின் செபக்கூடம். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தபோது போர்த்துக்கேயர் இருந்த காலம் பதினைந்தாண்டு சொச்சமே. பெருஞ்சுவடி எழுத வேண்டியது பேராலயமும் நிலையான பாடகர் குழுவும் நிலவருமானமும் உள்ள இடம். அவற்றில் எதுவும் இந்தத் துறையில் இருந்ததில்லை.

அவர்கள் இடித்த கோயிலிலும் வழிபாட்டு இசை இருந்தது. அது வேறொரு வழியில் காக்கப்பட்டது. திருஞானசம்பந்தர் திருகோணமலை மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில், புறநீர்மைப் பண்ணில் உள்ளது. சுவடி தருவது சொற்களையும் பண்ணின் பெயரையும்தான். அந்தப் பண்ணை எப்படி இசைப்பது என்பது ஓதுவாரிடம் இருந்தது, அவரிடமிருந்து மாணவருக்குச் சென்றது. குயிதோவின் கோடுகள் ஒவ்வொரு சுரத்தையும் ஓரிடத்தில் அறைந்து வைக்கின்றன. பண்முறை பாடகருக்கு ஓர் இசைவெளியைக் குறித்துக் கொடுத்து அதற்குள் நடக்க விடுகிறது. முதல் முறையில் ஆசிரியர் இறந்தாலும் நூல் பாடும். இரண்டாவதில் ஆசிரியர் மரபு அறுந்தால் பெயர் மட்டும் மிஞ்சும். பழந்தமிழ்ப் பண்கள் பலவற்றுக்கு நேர்ந்ததும் அதுதான். ஆனால் முதல் முறைக்குப் பெருஞ்செல்வம் வேண்டும். இரண்டாவது ஒரு மனிதரின் தொண்டையில் கடல் கடக்கும்.

தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டாவது வழியையே எடுத்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகளார் இரவில் வீடுகளில் கூடிய மக்களுக்குப் பூசை செய்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ அவருடையது. இராக்கூட்டத்தில் ஒருவர் உரைக்க, மற்றவர்கள் புலம்பற் பாட்டு எடுக்கும் வழக்கம் அதைச் சுற்றி வளர்ந்தது. ஒப்பாரியின் ஓசை இந்தப் பாட்டுகளில் தெளிவாகக் கேட்கும். இலத்தீன் கானத்தின் மெட்டு அல்ல அது. ஈழத்து இழவு வீட்டின் மெட்டு. கோயில் தழைத்ததும் அந்த மெட்டால்தான்.

சபையிடம் அச்சுக்கூடம் இல்லாததால் இவை ஏட்டிலேயே பரவின. பனையோலையை வெட்டி, நீரில் வேகவைத்து, நிழலில் காயவிட்டு, சங்கால் தேய்த்து மென்மையாக்குவார்கள். எழுதுபவர் ஏட்டை இடக்கையில் பிடித்து, பெருவிரல் நகத்தின் பள்ளத்தில் எழுத்தாணியை நிறுத்தி, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறுவார். கீறலில் கரியும் கோவையிலைச் சாறும் மஞ்சளும் தேய்த்தால் எழுத்து எழும்பும். உயரம் மூன்று நான்கு சென்ரிமீற்றர். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, அடி பிரிப்பதில்லை. பாட்டை முன்பே அறிந்தவர்தான் தடங்கலின்றி வாசிக்க முடியும். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் ஒரு சொல்லில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெருஞ்சுவடி பதினைந்து பேருக்குக் காட்டுவது. ஏடு ஒருவர் கையில் இருந்து மற்றவர் காதுக்குப் போவது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்தும் இதே முறையில், அண்ணாவியார் கையிலிருந்த ஏட்டை நம்பியே நடந்தது.

கடற்கரையின் காற்றும் இதில் ஒரு பங்கு வகித்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருளும். ஐரோப்பாவிலேயே பெருஞ்சுவடிகளுக்குப் பித்தளைக் கொக்கி போட்டு இறுக்கி மூடியது இலைகள் நெளியாமல் இருக்கத்தான். வாடைக்காலத்தில் திருகோணமலைத் துறையில் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் மேடான பொற்சாந்து வெடித்து உதிரும், மாசிக்காய் மை தோலை அரிக்கும், கறையானும் பூஞ்சையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஏடும் அழியும்தான். ஆனால் அதைப் பெயர்த்தெழுத ஒரு பனையும் ஓர் எழுத்தாணியும் போதும். பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிப் பாட்டைக் காத்த ஊர்களுக்கு, பொருள் நிலைப்பது முக்கியமாகப் படவில்லை.

1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கினர். 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையினர் வந்தனர். 1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து திருகோணமலை மேற்றிராசனம் உருவாயிற்று. 1895இல் பிரான்சின் சம்பாஞ் மாகாண யேசுசபையினர் பொறுப்பேற்றனர். முதல் ஆயர் சார்ல்ஸ் லவிஞ் அதற்கு முன்னர் கேரளத்தின் கோட்டயத்தில் சுரியானி முறைக் கத்தோலிக்கரை மேய்த்தவர். அங்கும் வழிபாட்டுச் சுவடிகளில் சொல் இருந்தது, சுரம் இல்லை, மெட்டு வாய்வழி.

அதே ஆண்டுகளில் பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் பழைய சுவடிகளை ஒளிப்படம் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். தோம் மொக்கெரோ 1889இல் தொடங்கிய வரிசையில் அந்தப் பக்கங்கள் அச்சேறின. மெடிச்சிப் பதிப்பு வெட்டிய சுரங்கள் அவற்றில் இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 1903 நவம்பர் 22இல் பத்தாம் பத்திநாதர் கிரகோரியன் கானத்தை வழிபாட்டின் முதன்மை இசையாக அறிவித்தார்; 1908இல் வத்திக்கான் கிராதுவாலே வெளிவந்தது. திருகோணமலை உள்ளிட்ட எல்லா இலத்தீன் முறை மேற்றிராசனங்களுக்கும் அந்த அறிவிப்பு பொருந்தியது. நான்கு கோடுகளும் சதுரச் சுரங்களும் அதே வடிவில், ஆனால் கையடக்க நூலாக, பொன்னும் படமும் இன்றி வந்தன. ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு பிரதி என்றானபின் பெருஞ்சுவடிக்குரிய காரணமே போய்விட்டது. பெரும்பாலான பாடகர்கள் அதையும் கண்ணால் படிக்காமல் காதால்தான் கற்றார்கள்; பொருள் தெரியாத இலத்தீன் சொற்கள் தமிழ் நாவுக்கேற்ப உருண்டன.

1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு தாய்மொழிக்குக் கதவு திறந்தது. கிரகோரியன் கானத்துக்கு முதலிடம் உண்டு என்று அதே ஏட்டின் 116ஆம் பிரிவு சொன்னாலும், கோயில்களில் நடந்தது வேறு. சில ஆண்டுகளுக்குள் பூசை தமிழாயிற்று. கர்நாடக இராகத்திலும் நாட்டார் மெட்டிலும் புதிய பாட்டுகள் வந்தன. மிருதங்கமும் ஆர்மோனியமும் பீடத்தருகே அமர்ந்தன. மக்கள் பக்கம் நின்று பார்த்தால் இது பெரும் லாபம். சபையார் முழுவதும் பாடத் தொடங்கினர். பெருஞ்சுவடிக் காலத்து ஐரோப்பியப் பேராலயங்களில்கூட அது நிகழவில்லை, அங்கே பாடியது பாடகர் குழு மட்டுமே.

ஏடுகளின் கதை அவ்வளவு நன்றாக இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. போரும் இடப்பெயர்வும் கிழக்கின் கரையோரக் கிராமங்களில் பெட்டகங்களைக் காலியாக்கின. 2004 ஆழிப்பேரலை மிஞ்சியவற்றை நனைத்தது. ஏட்டிலிருந்து கொப்பிக்கு மாற்றி எழுதப்பட்ட பாட்டுகள் குடும்பங்களில் உண்டு. பாலையூற்றுப் பகுதியில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் கிரியோல் மொழிப் பாட்டுகளைப் பெரும்பாலும் நினைவிலேயே வைத்திருக்கிறார்கள்.

தவக்காலப் புலம்பல்களின் சொற்கள் அச்சில் கிடைக்கின்றன. மெட்டு ஊருக்கு ஊர் வேறுபடும், அது அச்சில் இல்லை. ஐரோப்பியச் சுவடி துண்டாடப்பட்ட பின்னும் அதன் சுரங்களைப் படித்து மீண்டும் பாட முடிகிறது. இங்கே பாடத் தெரிந்தவர் போனபின் ஏட்டைப் பார்த்து மெட்டை மீட்க வழியில்லை. ஆகவே இந்தக் கரையில் ஒலிப்பதிவுதான் முதல் வேலை, ஏட்டைப் படம்பிடிப்பது இரண்டாவது. ஒரே புலம்பலை வெவ்வேறு ஊரார் பாடக் கேட்டு, ஊர்ப்பெயரும் பாடியவர் கற்ற வழியும் சேர்த்துக் குறித்து வைத்தால், எந்த மெட்டு எந்தக் கரை வழியே வந்தது என்பதையும் பிற்காலத்தார் ஆராய முடியும்.